வைரத்துக்குக் கறுப்புப் பூசிய பண்ணையாரம்மா

கணவர் ஆசையாக வாங்கிக் கொடுத்த வைரத் தோடு. போடாமல் பெட்டியில் வைத்தால் அவர் மனம் நோகும். போட்டுக்கொண்டு போனால் நாலு பேர் கண்ணை உறுத்தும். பாதிரியார் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அது கூச்சம். ஹென்றியேட்டா கிங் என்ன செய்தார்? வைரத்தின் மேல் கறுப்பு எனாமல் பூசச் சொல்லி, அதற்கப்புறம் காதில் போட்டுக்கொண்டார். அவர் குடும்பத்துக்குச் சொந்தமான, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் கிங் பண்ணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. அவருடைய எளிமைக்கும் பக்திக்கும் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. தோட்டை அவர் கழற்றவில்லை, யாருக்கும் தானம் கொடுக்கவும் இல்லை. பளபளப்பு மட்டும்தான் போனது. வைரம் அங்கேயே இருந்தது. "குடும்பத்துக்கும் ஊருக்கும் தன்னை அர்ப்பணித்தவர்" என்று அவரைப் பற்றி எழுதப்படும் வரியைப் படிக்கும்போதெல்லாம் இந்தத் தோடுதான் நினைவுக்கு வருகிறது. அர்ப்பணிப்பு உண்மை. அதற்கு அடியில் அமெரிக்காவின் மிகப்பெரிய நிலச் சொத்துகளில் ஒன்று இருந்ததும் உண்மை.

கிங் பண்ணையை அங்கே ராஞ்ச் என்பார்கள். முதலில் ராஞ்ச் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். பண்ணை என்றதும் நமக்கு வயலும் களத்துமேடும் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டு டெக்சாஸ் ராஞ்சில் உழவு அநேகமாகக் கிடையாது. புல்வெளி, முள்மரம், எப்போதாவது ஓடும் ஓடை, ஆயிரக்கணக்கான மாடுகள், அவற்றை ஓட்டக் குதிரைகள், குதிரை மேல் ஆட்கள். அடுத்த வீட்டுக்குப் போக ஒரு நாள் ஆகலாம். டாக்டர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கோயில் இல்லை, சத்திரம் இல்லை. அதனால் பண்ணை வீட்டுச் சமையல்கட்டு வழிப்போக்கர்களுக்குச் சத்திரமானது; அந்த வீட்டு அலமாரியில் இருந்த மருந்துதான் ஊர் மருந்து. வீடு எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. அந்த வீட்டை நடத்தும் பெண் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் ஊரையும் சேர்த்தே நடத்தினாள்.

டெக்சாஸின் வடமுனையில் மேரி ஆன் குட்நைட் என்று ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை மோலி என்று அழைத்தார்கள். 1870களின் கடைசியில் கணவர் சார்லஸ் குட்நைட்டோடு பாலோ டூரோ பள்ளத்தாக்கில் குடியேறினார். பேசுவதற்கு இன்னொரு பெண் கிடையாது. ஒருநாள் மாட்டுக்காரர் ஒருவர் சமைப்பதற்காக மூன்று கோழிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். மோலி அவற்றைச் சமைக்கவில்லை. கூட வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். கோழியோடு பேசும் அளவுக்குத் தனிமை. அதே மோலிதான் மாட்டுக்காரர்களின் கிழிசலைத் தைத்தார், காயத்துக்கு மருந்து கட்டினார், படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார், வேட்டைக்காரர்கள் கொன்றுபோட்ட காட்டெருமைகளின் அநாதைக் கன்றுகளை எடுத்து வளர்த்தார். அந்தக் கன்றுகளிலிருந்து பெருகிய மந்தையின் வாரிசுகள் இன்றும் டெக்சாஸில் மேய்கின்றன. இந்த வேலை எதற்கும் கணக்குப் புத்தகத்தில் தலைப்பு கிடையாது. மாடு வாங்கியது, விற்றது, வேலி போட்டது எல்லாம் பதிவாகியிருக்கும். தைத்த சட்டை பதிவாகாது.

ஹென்றியேட்டாவும் இந்த வேலைகளைச் செய்தவர்தான். ஆனால் அவர் கதை இதோடு நிற்கவில்லை. அதனால்தான் அவரை எடுத்துக்கொண்டேன்.

1832இல் மிசூரி மாநிலத்தில் பூன்வில் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஹைரம் சேம்பர்லின், பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டண்டு சபையின் பாதிரியார். மூன்று வயதில் அம்மா போய்விட்டார். மிசிசிப்பியில் பெண்கள் பள்ளி ஒன்றில் படிப்பு. 1850 வாக்கில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கும் பிரவுன்ஸ்வில்லுக்குக் குடும்பம் வந்தது. குடியிருக்க வீடு கிடைக்காமல் ஒரு படகில் தங்கினார்கள். அந்தப் படகு தன் நீராவிக் கப்பல் நிற்கும் இடத்தில் கட்டியிருப்பதைப் பார்த்த ஒரு இளம் கேப்டன் கெட்ட வார்த்தையில் திட்ட, பாதிரியார் மகள் வெளியே வந்து வாங்கு வாங்கென்று வாங்கினார் என்பது குடும்பக் கதை. அந்தக் கேப்டன்தான் ரிச்சர்ட் கிங். நியூயார்க்கில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்து, சிறுவயதில் கப்பலில் ஒளிந்துகொண்டு ஊரைவிட்டு ஓடிவந்தவர். பள்ளிப்படிப்பு பேருக்குத்தான். குடிப்பார், சண்டை போடுவார். 1854 டிசம்பரில் கல்யாணம். பெண்ணுக்கு 22, மாப்பிள்ளைக்கு 30.

அதற்கு முந்தைய வருடம்தான் கிங் முதல் நிலத்தை வாங்கியிருந்தார். சாந்தா கெர்த்ரூதிஸ் ஓடைக்கரையில் 15,500 ஏக்கர், 300 டாலருக்கு. ஏக்கருக்கு இரண்டு சென்ட்கூட முழுசாக இல்லை. ஏன் இவ்வளவு மலிவு? 1848இல் முடிந்த அமெரிக்க-மெக்சிகோ போருக்குப் பிறகு அந்தப் பகுதி அமெரிக்காவின் கைக்கு வந்தது. ஸ்பானிய, மெக்சிகோ அரசுகள் கொடுத்த பட்டாக்களை வைத்திருந்த குடும்பங்கள் திடீரென்று வேற்று நாட்டில் இருந்தார்கள். சட்டம் புதிது, மொழி புதிது, வழக்குச் செலவு தாங்காது, கொள்ளைக்காரர் பயம் வேறு. கிடைத்த விலைக்கு விற்றார்கள். கிங் காசு கொடுத்துத்தான் வாங்கினார், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த விலையைத் தீர்மானித்தது போர்.

புதுப்பெண் வந்து இறங்கியது குச்சியும் சேறும் வைத்துக் கட்டிய குடிசையில். அங்கே ஹக்கால் என்பார்கள். சரக்கறை அவ்வளவு சின்னது, பெரிய தட்டுகளை வெளிச்சுவரில்தான் மாட்டிவைக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அந்த நாள்களைப் பற்றி எழுதும்போது தன்னைப்போல் சந்தோஷமாகத் தேனிலவு கழித்த பெண் இருப்பாளா என்று அவர் வியந்திருக்கிறார். நாளெல்லாம் குதிரைமேல் புல்வெளியில் சுற்றுவதும், களைத்தால் மெஸ்கீட் மர நிழலில் கணவர் விரித்துக் கொடுக்கும் மெக்சிகோப் போர்வையில் படுத்துத் தூங்குவதும்தான் தேனிலவு.

பண்ணைக்கு ஆட்கள் வந்த விதம் இன்னும் விசேஷம். 1850களில் மெக்சிகோவின் தமாவுலிபாஸ் மாநிலத்தில் கிருயாஸ் என்ற ஊர் வறட்சியில் காய்ந்து கிடந்தது. கிங் அங்கே போய் ஊர் மாடுகளை மொத்தமாக வாங்கினார். மாட்டை ஓட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் யோசித்தாராம்: மாட்டை எடுத்துக்கொண்டோம், இந்த ஜனங்கள் எதை வைத்துப் பிழைப்பார்கள்? திரும்பிப் போய் எல்லோரையும் தன்னோடு கூப்பிட்டார். கிழவர், குழந்தை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றோடும் ஊரே கிளம்பி வந்தது. மாடு மேய்ப்பதில் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்த குடும்பங்கள். வாக்கேரோ என்பது அவர்கள் தொழிலுக்குப் பெயர். அமெரிக்க கவ்பாய் கயிறு வீசும் வித்தையும் சேணமும் இவர்களிடம் கற்றவைதான். கிங்கின் ஆட்கள் என்ற பொருளில் கினேஞோ என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தக் குடும்பங்களுக்கு வீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு, நோய்நொடி, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஹென்றியேட்டா. அவர்கள் கத்தோலிக்கர்கள், ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். இவர் கெடுபிடியான பிரெஸ்பிட்டேரியன். அவரை லா பத்ரோனா என்றார்கள். தமிழில் பண்ணையாரம்மா என்றால் அப்படியே பொருந்தும், அந்தச் சொல்லில் இருக்கும் மரியாதையும் பயமும் உட்பட. கூலி மட்டும்தான் என்றால் நாளைக்கு வேறு இடத்தில் அதிகம் கிடைத்தால் ஆள் போய்விடுவான். பிரசவத்துக்கு வந்து நின்ற அம்மாவை விட்டு அவ்வளவு லேசில் போக மாட்டான். பேரன், கொள்ளுப்பேரன் காலம்வரை அந்தக் குடும்பங்கள் அங்கேயே இருந்தன. மற்ற பண்ணைகள் ஆளில்லாமல் தவித்தபோது இங்கே தவிப்பு இல்லாததற்குப் பெரிய காரணம் அந்த அம்மாவின் கணக்கில் வராத வேலை என்றே நினைக்கிறேன். அவர் அதைத் திட்டம் போட்டுச் செய்தாரா? இல்லை, நம்பிச் செய்தார். நம்பிச் செய்ததால்தான் அது பலித்தது.

அந்தப் பிணைப்புக்கு விலையும் இருந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் தெற்கு மாநிலங்களின் பருத்தி மெக்சிகோவுக்குப் போகும் பாதையில் கிங் பண்ணை முக்கியமான தங்குமிடம். 1863 டிசம்பரில் வடக்குப் படையினர் பண்ணை வீட்டைத் தாக்கினார்கள். கிங் தகவல் தெரிந்து முன்பே நழுவிவிட்டார். கர்ப்பிணி மனைவி, குழந்தைகள், வயதான மாமனார் வீட்டில். காவலுக்கு நின்றவர் பிரான்சிஸ்கோ அல்வராதோ என்ற கினேஞோ. உள்ளே குடும்பம் இருக்கிறது, சுடாதீர்கள் என்று கத்திக்கொண்டு வாசலுக்கு வந்தவரைக் கிங் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டைச் சூறையாடினார்கள். ஹென்றியேட்டா குழந்தைகளோடு வெளியேறி, சான் பத்ரீசியோவில் பிப்ரவரியில் ஐந்தாவது குழந்தையைப் பெற்றார். அவனுக்குத் தெற்குப் படைத் தளபதி ராபர்ட் இ. லீயின் பெயரை வைத்தார்கள். குடும்பம் எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம் என்பதுபோல.

அந்தக் கடைக்குட்டி 1883இல் செயின்ட் லூயிஸில் நிமோனியாவில் இறந்தான். 19 வயது. இரண்டு வருடம் கழித்து, 1885 ஏப்ரலில், கிங்கும் சான் அந்தோனியோவில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். சாகும் தறுவாயில் தன் வக்கீலுக்கு அவர் சொல்லியனுப்பியது, சாந்தா கெர்த்ரூதிஸில் ஒரு அடி நிலம்கூடக் கைவிட்டுப் போகக் கூடாது என்பதுதான்.

உயிலில் எல்லாவற்றையும் மனைவி பேரில் எழுதியிருந்தார். ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம், கூடவே ஐந்து லட்சம் டாலர் கடன்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபில் கல்யாணமானதும் பெண்ணின் சொத்துரிமை கணவருக்குள் கரைந்துவிடும். டெக்சாஸ் ஸ்பானிய மரபை 1840இல் தன் சட்டத்தில் வைத்துக்கொண்டது. கல்யாணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில் மனைவிக்குப் பாதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணவர் இருக்கும்வரை நிர்வாகம் முழுக்க அவர் கையில். மனைவியின் சொந்தச் சொத்துக்கும் அதே கதை. அதில் தளர்வு வந்தது 1913இல்தான். விதவைக்கு இந்தத் தளை கிடையாது. வாங்கலாம், விற்கலாம், கடன் வாங்கலாம், வழக்குப் போடலாம். அதாவது அந்தக் காலத்து டெக்சாஸ் பெண்ணுக்குச் சட்டத்தின் முன் முழு ஆளாக நிற்க, விவாகரத்தை விட்டுவிட்டால், இரண்டே வழி: கல்யாணமே செய்யாதிருக்க வேண்டும், அல்லது கணவர் இறக்க வேண்டும். 52 வயதில் கறுப்பு உடுத்திய ஹென்றியேட்டா மீதி 40 வருடமும் அதை மாற்றவில்லை. துக்கத்தின் அடையாளம் அது. அதை உடுத்தியிருந்த 40 வருடமும்தான் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவரிடம் இருந்தது.

காலமும் மோசம். மாடுகளை நூற்றுக்கணக்கான மைல் நடத்தி வடக்கே விற்கும் வியாபாரம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. டெக்சாஸ் மாட்டோடு உண்ணிக் காய்ச்சல் வருகிறது என்று மற்ற மாநிலங்கள் எல்லையை மூடின. விலை விழுந்தது. 1890களின் தொடக்கத்தில் கடும் வறட்சி. முள்ளை எரித்துவிட்டுச் சப்பாத்திக் கள்ளியை மாட்டுக்குப் போட்டார்கள். நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் கடனை அடைப்பதுதான் யாருக்கும் தோன்றும் வழி. ஹென்றியேட்டா ராபர்ட் கிளேபர்க் என்ற இளம் வக்கீலை மேலாளராக்கினார். முன்பு ஒரு வழக்கில் ரிச்சர்ட் கிங்கை எதிர்த்து வாதாடி ஜெயித்து, அதனாலேயே கிங்கின் கவனத்துக்கு வந்தவர். 1886இல் கடைசி மகள் ஆலிஸைக் கட்டிக்கொண்டு மருமகனும் ஆனார். கடன் அடைந்தது. 1895இல் பண்ணை 650,000 ஏக்கராக வளர்ந்திருந்தது.

இதில் எவ்வளவு அவர் செய்தது, எவ்வளவு மருமகன் செய்தது? ஒரு பக்கம் அவரை நிர்வாக மேதையாக்குகிறார்கள். இன்னொரு பக்கம் கிளேபர்க்தான் எல்லாம், கிழவி பைபிள் படித்துக்கொண்டிருந்தார் என்கிறார்கள். அன்றாட வேலை கிளேபர்க்குடையதுதான், சந்தேகமே இல்லை. உண்ணியை ஒழிக்க மாட்டை மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்கும் முறையில் முன்னோடி அவர். 1899இல் 500 அடிக்கும் கீழே ஊற்று நீரைக் கண்டுபிடித்ததும் அவர் முயற்சி. ஆனால் அத்தனைக்கும் பணம் போட, போடாதிருக்க, நிலத்தை அடமானம் வைக்க, வைக்காதிருக்க உரிமை ஒரே ஆளிடம் இருந்தது. சில முடிவுகளில் அவர் கைரேகை அப்படியே தெரியும்.

கிங்ஸ்வில் ஊரைப் பாருங்கள். தண்ணீர் கிடைத்தாயிற்று, இனி ரயில் வந்தால் விவசாயிகள் வருவார்கள். ரயில்பாதைக்காக ஹென்றியேட்டா சுமார் 75,000 ஏக்கரை முன்வைத்தார். 1904 ஜூலை 4 அன்று அவர் நிலத்தில் கிங்ஸ்வில் பிறந்தது. பிரெஸ்பிட்டேரியன் கோயிலை அவரே கட்டினார். பாப்டிஸ்டு, மெதடிஸ்டு, எபிஸ்கோப்பல், கத்தோலிக்க சபைகளுக்கு மனை கொடுத்தார். உயர்நிலைப் பள்ளியைக் கட்டி ஊருக்கு ஒப்படைத்தார். மெக்சிகோ வம்சாவளிப் பையன்களுக்கான தொழிற்பள்ளிக்கும் ஒரு மருத்துவமனைக்கும் நிலம். கடைசிக் காலத்தில் ஆசிரியர் கல்லூரிக்கு நிலம். அது இன்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ்வில் வளாகம்.

பட்டியலின் அடுத்த பகுதியையும் படிக்க வேண்டும். ஐஸ் கம்பெனி, மின்சாரக் கம்பெனி, பத்திரிகை அச்சகம், பருத்தி அரவை ஆலை, பருத்தி எண்ணெய் ஆலை எல்லாவற்றிலும் அவர் முதலீடு இருந்தது. ரயில் வந்ததும் நிலத்தின் விலை ஏறியது. மனை போட்டு விற்றதும் குடும்பத்தின் கம்பெனிதான். கோயிலும் பள்ளியும் இல்லாத ஊருக்கு எந்த விவசாயி குடும்பத்தோடு வருவான்? தர்மம் வியாபாரத்துக்கு உதவியது. அப்படியென்றால் தர்மம் பொய்யா? வியாபாரக் கணக்கு மட்டும்தான் என்றால் மனைப் பத்திரங்களில் மதுவிற்பனைக்குத் தடை எழுதியிருக்க மாட்டார். ஒரு ரயில் ஊரில் சாராயக்கடையைவிட நல்ல வருமானம் வேறு ஏது? குடிகாரக் கணவரோடு 30 வருடம் வாழ்ந்த பாதிரியார் மகள் எழுதவைத்த நிபந்தனை அது.

ஊர் என்று சொல்லும்போது யார் ஊர் என்ற கேள்வியும் வரும். எல்லைப்புறத்து மெக்சிகோ மக்கள் டெக்சாஸ் ரேஞ்சர் போலீஸை 'கிங் பண்ணையின் ரேஞ்சர்கள்' என்று கசப்போடு அழைத்தார்கள். 1915 ஆகஸ்டில் பண்ணையின் நோரியாஸ் பகுதியை மெக்சிகோ தரப்புக் கிளர்ச்சியாளர்கள் தாக்கினார்கள். அதைத் தொடர்ந்த மாதங்களில் ரேஞ்சர்களும் தன்னிச்சையான கும்பல்களும் தென் டெக்சாஸில் மெக்சிகோ வம்சாவளியினரை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். பெரும்பாலோர் எந்தத் தாக்குதலிலும் சம்பந்தமில்லாதவர்கள். அதே 1915இல்தான், 1912இல் எரிந்துபோன பழைய வீட்டின் இடத்தில் கிங் பண்ணையின் புதிய மாளிகை கட்டி முடிந்தது. பூட்ஸ் காலோடு யார் வேண்டுமானாலும் நடந்து வரக்கூடிய வீடாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். அந்த யாரும் என்ற சொல்லுக்குள் கினேஞோக்கள் இருந்தார்கள். வேலிக்கு வெளியே இருந்த மெக்சிகோக்காரர்களுக்கு அந்த வீடு வேறு மாதிரித் தெரிந்தது. முதலில் வாங்கிய அந்த 15,500 ஏக்கரில் தங்களுக்குப் பங்கு உண்டு என்று அப்போதைய கூட்டாளி ஒருவரின் வாரிசுகள் தொடுத்த வழக்கு 2003இல்தான் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தில் பண்ணைக்குச் சாதகமாக முடிந்தது. 150 வருடம்!

இன்று பண்ணை 825,000 ஏக்கர். கோவா மாநிலத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது. ஹென்றியேட்டா இறந்தபோது பத்து லட்சத்தையும் தாண்டியிருந்தது. ரயிலுக்கும் ஊருக்கும் கொடுத்தது போகவும், கணவர் விட்டுச்சென்றதைவிட அது அதிகம்.

1925 மார்ச் 31 அன்று, 92 வயதில் இறந்தார். அடக்கத்துக்கு வாக்கேரோக்கள் பண்ணையின் எல்லா மூலைகளிலிருந்தும் குதிரையில் வந்தார்கள். தூரத்துப் பகுதிகளில் இருந்தவர்கள் இரண்டு நாள் சவாரி செய்து வந்தார்களாம். சுமார் 200 பேர், வேலை உடுப்போடு, வளைந்த டபிள்யூ சூட்டுக்குறி போட்ட பண்ணைக் குதிரைகளில், கிங்ஸ்வில் கல்லறைவரை சவ ஊர்தியின் இரு பக்கமும் வந்தார்கள். சவப்பெட்டி இறங்கியதும் ஒருவர் பின் ஒருவராக, தொப்பியைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டபடி குழியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அப்புறம் குதிரைகளைத் திருப்பிக்கொண்டு மந்தைக்குப் போனார்கள்.